ஆதித்த கரிகாலன் சாகாத கதையை எழுதுவது எப்படி?

மாற்று வரலாறு எழுத உட்காருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: ஒரே ஒரு முடிச்சை மட்டும் அவிழுங்கள். நான் இப்போது எழுதும் கதையில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையிலிருந்து தப்பிவிடுகிறான். மாற்றம் அவ்வளவுதான்.

பேனாவை எடுக்கும் முன் காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டைப் படித்துவிடுங்கள். இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களின் பெயர்கள் வருகின்றன. பெண் கொடுத்த, பெண் எடுத்த உறவுகள் வரை சொத்து பறிமுதல். ரவிதாசனின் பட்டம் பஞ்சவன் பிரமாதிராசன், தம்பி பரமேசுவரனுக்கோ இருமுடிச்சோழ பிரமாதிராசன். ஒரே வீட்டுக்குள் பாண்டியன் பெயரும் சோழன் பெயரும்! அந்த வீட்டுத் திண்ணையில்தான் என் கதை தொடங்குகிறது.

அப்புறம், ஒற்றனைக் குதிரையில் விரட்டாதீர்கள். ஓலையின் பின்னால் போங்கள். அரசன் வாய்மொழியைக் கேட்டு எழுத ஒருவர், அதைச் சரிபார்க்கத் திருமந்திர ஓலை நாயகம், வரிக்கணக்கில் பதிய வேறு சிலர். இத்தனை கை மாறும்போது ஒரு சொல்லைத் திருத்த வாள் எதற்கு?

நானே ஒரு பனையோலையில் எழுத்தாணியால் கீறிப் பார்த்தேன். கரி தடவாதவரை வெற்று ஓலை போலத்தான் தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் மெல்லிய கீறல். விளக்குக் கரியை விரலால் தேய்த்துத் துடைத்ததும் எழுத்து கறுத்து எழுந்தது. அன்றிரவே என் ஒற்றனுக்கு வேலை கிடைத்துவிட்டது: கரி தடவாத ஓலைகளைச் சுமக்கும் பூக்காரன்.

ஒற்றர்களை ஒருவரையொருவர் அறியாதபடி வையுங்கள். மூவர் சொல் ஒத்தால்தான் அரசன் நம்பட்டும். வள்ளுவர் ஒற்றாடலில் வகுத்த முறை அது. அந்த மூன்றில் ஒரு சொல் பிசகும் இடத்தில்தான் அரண்மனை ஆட்டம் காணும்.

கடினமான இடம் இனிதான். ஆதித்தன் பிழைத்தால் உத்தம சோழனுக்கு அரியணை எட்டாமலே போகலாம், 985இல் அருள்மொழி, அதாவது இராசராசன், முடிசூடாமல் தம்பியாகவே இருந்துவிடலாம். 1010இல் முடிந்த பெரிய கோயில் எழும்பாமலே போகலாம். எழுதும்போது எனக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் அந்த வலி கதைமாந்தர் யாருக்கும் வரக்கூடாது. தஞ்சாவூரில் அந்த இடத்தில் என் பூக்காரன் கூடையை இறக்கி வைத்து, வெயிலுக்கு முண்டாசை நனைத்துக்கொள்கிறான்.