கணினிக் குழுவின் மின்னிதழுக்குக் கட்டுரை அனுப்புவது எப்படி? முதன்முறை எழுதுபவர்களுக்கு

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் இருக்கும். எங்கள் கணினிப் பயனர் குழுவின் மின்னிதழுக்கு சிந்துபூந்துறை அண்ணாச்சி ஒருவர் கட்டுரை அனுப்பினார். தாமிரபரணி வீட்டுக்குள் வந்தபோது மேசைக்கு அடியில் இருந்த சிபியு முழுக நனைந்துவிட்டது. அதிலிருந்த குடும்பப் படங்கள், பத்திர நகல்கள் இவற்றில் எது மீண்டது, எது மீளவில்லை, இனி எப்படிப் பத்திரப்படுத்துவது என்று எழுதியிருப்பதாகப் போனில் சொன்னார். சந்திப்புப் பேருந்து நிலையமும் கொக்கிரகுளமும் தண்ணீரில் கிடந்ததைப் பார்த்த எங்கள் திருநெல்வேலிக்காரர்களுக்கு அதைவிடத் தேவையான கட்டுரை வேறு இருக்க முடியாது.

ஆனால் கோப்பைத் திறந்தால் ஒரு வரியும் விளங்கவில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகப் பதினொரு பக்கம். திரும்பக் கூப்பிட்டேன். "எங்க கம்ப்யூட்டர்ல நல்லாத்தான தெரியுது தம்பி" என்றார். அவர் சொன்னது உண்மை. அவருடைய கணினியில் நன்றாகத்தான் தெரிந்தது.

அந்தக் கட்டுரை கடைசியில் நல்லபடியாக வெளிவந்தது. அதைச் சரிசெய்யும்போது நாங்கள் இருவரும் என்னென்ன செய்தோமோ அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கணினிக் குழு மின்னிதழுக்கு முதல்முறை எழுதுகிற யாருக்கும் இது பொருந்தும்.

முதலில், எந்த எழுத்தில் அடிக்கிறீர்கள்?

மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

அண்ணாச்சி அடித்தது பாமினியில். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி தனக்குள் சேமித்துவைப்பது தமிழ் எழுத்தை அல்ல, ஆங்கில எழுத்தைத்தான். அந்த ஆங்கில எழுத்து வரவேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கோ போனுக்கோ கோப்பு போனால் உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்து அப்படியே தெரியும். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடையில் இதனால் தொல்லை இல்லை, ஏனென்றால் அங்கிருந்து வெளியே போவது காகிதம். மின்னிதழிலிருந்து போவது எழுத்து.

யூனிகோட் என்கிற ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் அதற்கே உரிய எண் உண்டு. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் 'அ' என்றால் 'அ'தான். தமிழ்நாடு அரசும் 2010-இல் இதைத் தரமாக ஏற்றுக்கொண்டது.

நீங்கள் அடித்தது ஒருங்குறியா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. கட்டுரையில் இரண்டு வரியை நகலெடுத்து உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கே அனுப்பிப் போனில் பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் சரி. ஆங்கிலக் கலவையாக வந்தால் பழைய எழுத்துரு.

பல வருடம் பாமினியிலேயே பழகிய கைக்குப் புதிய விசைப்பலகை கஷ்டம்தான். அதற்காக எழுதுவதை விட்டுவிட வேண்டாம். என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டால் அதே பாமினி விசைகளில் அடிக்கலாம், திரையில் விழுவது ஒருங்குறியாக இருக்கும். பழைய தட்டச்சு முறையும் அதில் உண்டு. அரசு அலுவலகத்தில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு அது உதவும். புதிதாகத் தொடங்குபவர்கள் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் பழகுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். உயிரெழுத்து இடது கைப்பக்கம், மெய்யெழுத்து வலது கைப்பக்கம் என்று பிரித்திருப்பதால் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். போனில் அடிப்பவர்களுக்கு ஜிபோர்டு, செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலிகள் இரண்டில் ஒன்று போதும்.

ஏற்கெனவே பாமினியில் அடித்து முடித்திருந்தால் எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் கட்டாயம் ஒரு முறை முழுதாகப் படியுங்கள். நடுவில் ஆங்கிலத்திலேயே எழுதிய மென்பொருள் பெயர்களையும் அந்த மாற்றி தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். அண்ணாச்சியின் கட்டுரையில் விண்டோஸ் என்று ஆங்கிலத்தில் இருந்த இடமெல்லாம் பொருளில்லாத தமிழ் எழுத்துக் குவியலாக மாறியிருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த ஒரு சாயங்காலம் ஆனது.

கோப்பின் வகை

லிபர்ஆபிஸ் ரைட்டரிலோ எம்எஸ் வேர்டிலோ அடித்து, அதன் வழக்கமான கோப்பாகவே அனுப்புங்கள். நோட்பேடில் அடித்த வெறும் எழுத்துக் கோப்பும் எனக்குச் சம்மதம்தான். பிடிஎஃப் மட்டும் வேண்டாம். அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் பல சமயம் கொம்பும் காலும் இடம் மாறிவிடும், ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பத்தியாக உடையும். கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினால்கூட உட்கார்ந்து அடித்துவிடலாம். உடைந்த பிடிஎஃப்பைச் சரிசெய்வது அதைவிட அதிக வேலை.

அலங்காரம் வேண்டாம், அமைப்பு வேண்டும்

புதிதாக எழுதுபவர்கள் ஆசையோடு தலைப்பைச் சிவப்பாக்கி, நடுவில் கொண்டுவந்து, சுற்றிப் பெட்டி போட்டு அனுப்புகிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இதழ் ஒரே கட்டுரையை மின்னஞ்சலாகவும் பிடிஎஃப்பாகவும் அனுப்புகிறது. மேலப்பாளையத்தில் ஒருவர் அதை ஐந்து அங்குலப் போனில் படிப்பார், பேட்டையில் இன்னொருவர் பெரிய திரையில் படிப்பார். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நடுவில் கொண்டுவந்த தலைப்பு போனில் இரண்டாக மடிந்து ஓரத்தில் நிற்கும். அந்த ஸ்பேஸ்களை ஒவ்வொன்றாக எடுப்பது என் வேலையாகிவிடுகிறது.

அதற்குப் பதில் எது தலைப்பு, எது துணைத் தலைப்பு, எது சாதாரணப் பத்தி என்பதை மட்டும் கணினிக்குச் சொல்லிவிடுங்கள். துணைத் தலைப்பு இருக்கும் வரியில் கர்சரை வைத்து, மேலே உள்ள ஸ்டைல் பட்டியலில் 'ஹெட்டிங் 2' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கட்டுரைத் தலைப்புக்கு 'ஹெட்டிங் 1'. லிபர்ஆபிஸில் கன்ட்ரோலோடு 1 அல்லது 2 அழுத்தினாலே போதும். அந்தத் தலைப்பு எந்த நிறத்தில், எந்த அளவில் வரவேண்டும் என்பதை நாங்கள் ஒரே இடத்தில் மாற்றிக்கொள்வோம்.

இதை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளி நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளில் கேட்டே இதழைப் படிக்கிறவர்கள் எங்கள் குழுவிலும் இருக்கிறார்கள். என்விடிஏ என்ற இலவச வாசிப்பானில் எச் விசையைத் தட்டினால் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவலாம். ஆனால் அது தாவுவது ஸ்டைலில் குறித்த தலைப்புக்கு மட்டும்தான். வெறுமனே எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கியது அதற்குத் தலைப்பாகவே தெரியாது. நீங்கள் இரண்டு நொடியில் செய்கிற வேலை ஒருவருக்குக் கட்டுரை முழுவதையும் மறுபடி முதலிலிருந்து கேட்கும் சிரமத்தைத் தவிர்க்கிறது.

பத்தி முடிந்தால் ஒரு என்டர் போதும். இடைவெளி வேண்டுமென்று நான்கு என்டர் தட்டாதீர்கள். அப்புறம், இரட்டை ஸ்பேஸ் எல்லோருக்கும் விழும். கன்ட்ரோலோடு எச் அழுத்தினால் வருகிற தேடி மாற்றும் பெட்டியில், மேலே இரண்டு ஸ்பேஸ், கீழே ஒரு ஸ்பேஸ் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம்.

செய்முறைகளை எழுதும்போது

ஒரு எண்ணுக்கு ஒரே செயல். "செட்டிங்ஸ் போய் சிஸ்டம் திறந்து ஸ்டோரேஜ் பார்த்து பழையதை அழிக்கவும்" என்று ஒரே மூச்சில் எழுதினால் புதியவர் இரண்டாவது இடத்திலேயே நின்றுவிடுவார். பொத்தானின் பெயரைத் திரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். உங்கள் கணினி விண்டோஸ் 10-ஆ, 11-ஆ, லினக்ஸா என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால் வரவேண்டும். எழுதி முடித்ததும், எழுதியதைப் பார்த்துப் பார்த்து நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். நினைவிலிருந்து எழுதும்போது கை பழகிய ஒரு படி எப்படியும் விட்டுப்போகும்.

படங்கள்

திரையைப் படமெடுக்க விண்டோஸ் 10-லும் 11-லும் விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். கணினித் திரையைப் போன் கேமராவில் எடுத்தால் கோடு கோடாக விழும். திரையைப் பிடித்த படங்களைப் பிஎன்ஜி கோப்பாகவும் கேமரா படங்களை ஜேபெக் கோப்பாகவும் வையுங்கள். பிஎன்ஜியில் திரையிலுள்ள சிறு எழுத்துகள் மங்காது.

படத்தைக் கட்டுரைக்குள் ஒட்டுவதோடு நிறுத்திவிடாமல் தனிக் கோப்பாகவும் இணைத்து அனுப்புங்கள். கட்டுரையில் அது வரவேண்டிய இடத்தில் 'படம் 2 இங்கே' என்று ஒரு தனி வரி எழுதினால் போதும். படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வாக்கியமும் வேண்டும். கேட்டுப் படிப்பவர்களுக்கு அந்த வாக்கியம்தான் படம். பன்னிரண்டு மெகாபிக்சல் போன் எடுக்கிற படம் 4000-க்கு 3000 புள்ளி. மின்னிதழுக்கு 1200 புள்ளி அகலமே தாராளம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் 'டாகுமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது படத்தை அமுக்கிச் சிறிதாக்கிவிடும். ஜிமெயிலில் இணைப்புகள் மொத்தம் 25 எம்பிக்குள் இருக்கவேண்டும்.

திரையைப் பிடித்த படத்தில் உங்கள் தொலைபேசி எண், ஆதார் எண், மின்னஞ்சல் முகவரி தெரிகிறதா என்று இருமுறை பாருங்கள். தெரிந்தால் அந்த இடத்தை வெட்டிவிடுங்கள், அல்லது மேலே முழுக் கறுப்புக் கட்டம் வைத்துச் சேமியுங்கள்.

பிழை பார்த்தல்

ஒருங்குறியில் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் உண்டு. 'ஔவை' என்று அடிக்காமல் 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்து அடித்து 'ஒளவை' என்று எழுதிவிடுகிறோம். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் தேடினால் கிடைக்காது, வாசிப்பான் தப்பாக உச்சரிக்கும். காலுக்குப் பதில் 'ர' விழுவதும் இதே வகை. வாணி எழுத்துப்பிழை திருத்தியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அது சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டியதில்லை. நம் பக்கத்துச் சொல் எதையாவது பிழை என்று காட்டினால் அப்படியே விடுங்கள், வாசகர்களுக்கு அது தெரிந்த சொல். குரல்வழி அடித்தவர்கள் புள்ளியும் கேள்விக்குறியும் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

உரிமை

இணையத்தில் கிடைத்தது என்பதால் ஒரு படமோ பத்தியோ நம்முடையதாகிவிடாது. இந்தியச் சட்டப்படி ஓர் எழுத்தின் காப்புரிமை ஆசிரியரின் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு நீடிக்கிறது. கணினிக் குழுக்களின் மடலில் இந்தப் பேச்சு பழையது. கலிபோர்னியாவின் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் 1975-இல் தொடங்கியது. தன் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுக்கிறார்கள் என்று பில் கேட்ஸ் 1976-இல் எழுதிய கடிதம் அந்தக் குழுவின் செய்திமடலில் வந்தது. நீங்களே எடுத்த படம், நீங்களே எழுதிய வரி என்றால் எந்தக் கவலையும் இல்லை. உங்கள் கட்டுரையை வேறு குழுக்கள் மறுபடி வெளியிடலாமா என்பதையும் கடைசியில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பெயர் குறிப்பிட்டால் யாரும் பகிரலாம் என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று குறிக்கலாம்.

அனுப்புவது

கோப்புக்குக் கட்டுரையின் பெயரையும் உங்கள் பெயரையும் வையுங்கள். 'கட்டுரை', 'புதியது', 'கடைசி' என்ற பெயர்களில் ஒரே மாதத்தில் ஐந்து கோப்பு வந்து நிற்கும். திருத்தி மறுபடி அனுப்பினால் பெயரோடு 2 என்று சேருங்கள். மின்னஞ்சலின் பொருள் வரியில் எந்த மாத இதழுக்கு என்று எழுதுங்கள். உள்ளே உங்களைப் பற்றி இரண்டு வரி, கட்டுரை யாருக்கு என்று ஒரு வரி. இவ்வளவு போதும்.

அனுப்பியதோடு வேலை முடிந்துவிடாது. நாங்கள் திருத்திய பிரதி உங்களுக்குத் திரும்பி வரும். தயவுசெய்து அதை வரிக்கு வரி படியுங்கள், முக்கியமாக எண்களையும் படிகளின் வரிசையையும். வெள்ளக் கட்டுரையில் அண்ணாச்சி, நனைந்த ஹார்ட் டிஸ்க் என்கிற வன்தட்டுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கவே கூடாது என்று முதல் படிக்கும் முன்னால் எழுதியிருந்தார். பதினொரு பக்கத்தைச் சுருக்கும்போது நான் அந்த வரியை மூன்றாம் படிக்குக் கீழே தள்ளிவிட்டேன். பிரதியை அனுப்பிய அன்று ராத்திரியே கூப்பிட்டார். "தம்பி, அது மேலல்லா இருக்கணும்? கீழ வந்து படிக்கதுக்குள்ள சொருகிப் போட்ருவாம்லா" என்றார். வரியை மேலே ஏற்றித் தடித்த எழுத்தாக்கி, அவரிடம் மறுபடி காட்டி, அடுத்த நாள் இதழை அனுப்பினோம்.