ப்ரோம் சட்டையை யாழ்ப்பாணத்தில் தைப்பிக்கப் போகிறீர்களா?

கனடாவில் 12ஆம் வகுப்புப் பிள்ளைகளின் ப்ரோம், அதாவது பள்ளிப் படிப்பு முடியும்போது வைக்கும் நடன விருந்து, பெரும்பாலும் மே, ஜூனில் வரும். வேறெவரும் போடாத சட்டை வேண்டுமென்றால், முந்திய கோடை விடுமுறையிலேயே ஊரில் காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் தைப்பிக்கலாம். ஆனால் அது நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலம். அந்த 25 நாளும் தையற்கடைகளில் வேலை குவிந்து கிடக்கும். போய் இறங்கிய கையோடு அளவு கொடுத்துவிடுங்கள்.

சேலை நீளம் ஏறக்குறைய 5.5 மீற்றர், அகலம் 48 அங்குலம். கரையைக் கீழ் விளிம்பாக வைத்து, இடுப்பில் சுருக்குப் பிடித்தால் நிலம் தொடும் பாவாடைக்குக் காணும். வட்டப் பாவாடை கேட்காதீர்கள். நேராக நெய்த கரை வளையாது. வெட்டி ஒட்டினால் பொருத்துக்குப் பொருத்து சரிகை கோணும். அன்று போடப்போகும் செருப்போடு நின்றுதான் உயரம் அளக்க வேண்டும். லைனிங்கை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். மேல்பகுதியை முதலில் மலிவான பருத்தித் துணியில் தைத்துப் போட்டுப் பாருங்கள். பட்டில் ஊசித் துளை மறையாது. பத்து மாதத்தில் பிள்ளை வளர்ந்துவிடும். இரு பக்கத் தையலிலும், கைக்குக் கீழே, ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். அங்கே பிரித்தால் பழைய துளை கண்ணில் படாது.

இனி ஊரில் இருக்கும் மாமி. தனக்குத் தெரிந்த தையற்காரரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பார். அதை விட்டுக்கொடுக்கலாம். கழுத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். பிள்ளை கேட்டதற்கெல்லாம் கடையில் தலையாட்டுவார். நீங்கள் கொழும்புக்குப் போன நேரம் பார்த்து, “கழுத்தை இரண்டு அங்குலம் ஏத்தி, கையும் வையுங்கோ” என்று தொலைபேசியில் சொல்லிவிடுவார். நீங்கள் போய்விடுவீர்கள், மாமி வருடம் முழுக்க வேலை கொடுப்பவர். தையற்காரர் அவர் சொல்லைத்தான் கேட்பார். ஏற்றித் தைத்த கழுத்தைப் பிறகு வெட்டி இறக்கினால் படியாது, முன்பக்கம் வாய் பிளந்து நிற்கும். ஆகவே முன்கழுத்து, பின்கழுத்து, கை எல்லாவற்றையும் அங்குலத்தில் ரசீதிலேயே எழுதுவித்துப் படம் எடுங்கள். உங்களைக் கேட்காமல் ஒன்றும் மாற்றக் கூடாது என்று மாமியின் முன்னாலேயே சொல்லுங்கள். கொழும்புக்கு வெளிக்கிட முதல் ஒருமுறை போட்டுப் பார்க்க நாள் குறியுங்கள்.

அவரோடு கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் இல்லாத காலமெல்லாம் அம்மம்மாவைப் பார்த்தவர் அவர். நிறத்தையும் கரையையும் அவரே தெரியட்டும், கடைக்கு முதல் அவர் வீட்டில் போய்ச் சாப்பிடுங்கள்.

மாமி அம்மம்மாவின் சேலையையே எடுத்துத் தந்தால் உடனே வெட்டக் கொடுக்காதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோடுகளில் வெளிச்சம் கசிந்தால் பட்டு இற்றுவிட்டது. கரையையும் முந்தானையையும் மட்டும் புதுத் துணியில் வைத்துத் தைக்கலாம்.

மிஞ்சிய துண்டு, கரைத் துணுக்கு, அதே நூலில் ஒரு கட்டை எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்து டொரொன்டோ ஸ்காபரோவில் பிரித்துத் தைக்கும்போது அந்த நிறம் வேறெங்கும் கிடைக்காது.