சாண்டோரினியில் அறை எடுக்கும் முன் எத்தனை படி என்று கேளுங்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் கிரேக்கத் தீவான சாண்டோரினிக்குப் போட்ட ஹோட்டல் புக்கிங்கை அனுப்பி, "சரியா இருக்கா, பாருங்க" என்றார். திறந்து பார்த்தால், முதல் தடவை நான் அடித்த அதே கூத்து. விமர்சனம் படியுங்கள், சீசனுக்கு முன்பே புக் செய்யுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லுவார்கள். சாண்டோரினியிலும் மற்ற கிரேக்கத் தீவுகளிலும் செய்யக்கூடாத தவறுகள் என்று நான் காசு கொடுத்துக் கற்றவை மட்டும் இங்கே.

கால்டெரா அறையைப் படம் பார்த்து எடுப்பது

சுமார் 3,600 வருடங்களுக்கு முன் எரிமலை வெடித்து, தீவின் நடுப்பகுதி கடலுக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பள்ளம்தான் கால்டெரா. மிஞ்சிய செங்குத்துச் சுவரின் விளிம்பில்தான் ஃபிரா, இமெரோவிக்லி, ஈயா ஊர்களெல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. அறைகளை அந்தச் சரிவிலேயே குடைந்திருக்கிறார்கள். கார் மேலே சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து படிதான்.

நான் இமெரோவிக்லியில் நான்கு இரவு எடுத்தேன். 'சாலையிலிருந்து 120 மீட்டர்' என்று போட்டிருந்தது. பொய்யில்லை. அந்த 120 மீட்டரும் கீழ்நோக்கி என்பதை மட்டும் போடவில்லை. ஒரு பையன் வந்து பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடு மாதிரி இறங்கிப் போனான். பின்னால் நானும் முட்டிவலிக்கார அம்மாவும். 131 படி, எண்ணியது அம்மா. ஒரு படி முழ உயரம், அடுத்தது அதில் பாதி. பல இடத்தில் கைப்பிடியே இல்லை.

அம்மா எப்படியோ இறங்கிவிட்டார். மறுநாள் ஏற மறுத்துவிட்டார். காலை உணவு அறை வாசலுக்கே வந்தது. மற்ற வேளைக்கு நான் மேலே போய்ப் பொட்டலம் வாங்கி வந்தேன். படத்தில் தனிமையாகத் தெரிந்த அந்தத் திண்ணையோ, மேல் வரிசை அறைக்காரர்களுக்கு முழுசாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் கீழே கடற்கரையோரம் இருக்கும் கமாரி என்ற ஊருக்கு மாறினோம். பத்து சதவீதம் மிச்சம் பிடிக்க, ரத்து செய்தால் பணம் திரும்பாத கட்டணத்தில் போட்டிருந்தேன். இரண்டு இரவுப் பணம் போச்சு. இன்றைக்கும் அந்த ரசீதைப் பார்த்தால் எரிச்சல்தான்.

கமாரியில் தரைத்தளத்து அறை, நான்கில் ஒரு பங்கு வாடகை. இரண்டு நிமிடம் நடந்தால் கறுப்புக் கூழாங்கல் கடற்கரை. அம்மா கடலில் கால் நனைத்ததே அங்கேதான்.

அதனால் 'எத்தனை படி?' என்று எண்ணாகக் கேளுங்கள். 'கொஞ்சம்தான்' என்று பதில் வந்தால் நூறுக்கு மேல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆசை தீர ஒரு இரவு விளிம்பில், மற்ற இரவுகள் கீழே என்று பிரிப்பது உத்தமம். காட்சி எங்கும் ஓடிவிடாது. ஃபிராவிலிருந்து ஈயாவுக்குப் போகும் பத்து கிலோமீட்டர் விளிம்புப் பாதையில் யாரும் இலவசமாக நடக்கலாம்.

ஈயாவில் அறை எடுத்தால் அஸ்தமனம் இலவசம் என்று நம்புவது

அங்கே பல கால்டெரா அறைகள் தெற்கே பார்த்தவை. அஸ்தமனத்துக்கு நீங்களும் கூட்டத்தோடு கோட்டை மேட்டுக்குத்தான் போகவேண்டும்.

வரைபடத்தில் விரலால் அளப்பது

கமாரியும் பெரிஸ்ஸாவும் பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரித் தெரியும். நடுவே மேசா வூனோ மலை நிற்கிறது. பஸ்ஸில் போனால் ஃபிரா வந்து மாறவேண்டும். கோடையில் சின்னப் படகு உண்டு. வாடகைக் கார் இல்லாதவர்கள் ஃபிரா பஸ் நிலையத்தை நடுவில் வைத்து யோசியுங்கள். தீவின் பஸ்களெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கிரீட் தீவு முழுவதற்கும் ஒரே ஹோட்டல்

அங்கே ஹெராக்லியோன் நகரிலிருந்து ஹானியா நகர் 140 கிலோமீட்டர். இரண்டு ஊரில் தங்குங்கள்.

காற்றை மறப்பது

ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று விடாமல் அடிக்கும். மிக்கோனோஸ் தீவு என்றால் தெற்குக் கரையில், ஓர்னோஸ் பக்கம் பாருங்கள்.

வரியைக் கணக்கில் சேர்க்காதது

அறை வாடகைக்கு மேல் இரவுக்கு இவ்வளவு என்று ஒரு வரியை ஹோட்டலிலேயே வாங்குவார்கள். 2025இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நான்கு நட்சத்திர அறைக்கு 10 யூரோ, ஐந்து நட்சத்திரத்துக்கு 15. புக்கிங் தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.