‘மூன்றாம் பிறை’யைத் தேடிக் கேத்திக்கு: வழிகாட்டியுடன் ஒரு சைக்கிள் பயணம்

பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ 1982 பிப்ரவரியில் வெளிவந்தது. வெளிநாட்டு வீடுகளின் வரவேற்பறையில் பெற்றோருடன் அமர்ந்து அந்தப் படத்தைப் பலமுறை பார்த்து வளர்ந்த பலர், தாயகம் வரும்போது ஊட்டிக்கு ஒரு நாள் போய்வந்தால் அதன் இடங்களைப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஏரியையும் தாவரவியல் பூங்காவையும் பார்த்துவிட்டு, தேடி வந்தது கிடைக்காமல் திரும்புகிறார்கள். படத்தின் உயிர் இருப்பது ஊட்டி நகரத்தில் இல்லை. அங்கிருந்து குன்னூர் நோக்கி ரயில் பாதையில் எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கேத்தியில் இருக்கிறது. காரில் போனால் அந்தப் பள்ளத்தாக்கு சில நிமிடங்களில் கடந்துவிடும். ஊரை அறிந்த ஒருவருடன் சைக்கிளில் மெதுவாக இறங்குவதே அதற்கு ஏற்ற வழி என்பது என் உறுதியான கருத்து.

ஈழத்துக் குடும்பங்களுக்கு இந்தப் பயணத்தில் கூடுதலான ஓர் உரிமையும் உண்டு. பாலு மகேந்திரா 1939ஆம் ஆண்டு மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, புனேயில் திரைப்படக் கலை பயின்றவர். இந்தப் படத்துக்காகக் கமல்ஹாசன் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருது பாலு மகேந்திராவுக்குக் கிடைத்தது. பனியும் ஈரமும் கலந்த மலை வெளிச்சத்தை அவர் எப்படிப் பார்த்தார் என்பதைக் கேத்தியின் காலை நேரத்தில் நின்று பார்த்தால் தானாகவே விளங்கும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஊட்டியில் ‘ஷூட்டிங் ஸ்பாட்’ என்று கேட்டால், பெரும்பாலோர் கூடலூர் சாலையில் உள்ள புல்வெளி மேடுகளுக்கு அழைத்துச் செல்வார்கள். அவை அழகானவை என்பதில் ஐயமில்லை, ஆனால் அவை கேத்திக்கு நேர் எதிர்த் திசையில் உள்ளன. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே படத்தின் பெயரைச் சொல்லி, கேத்தி ரயில் நிலையமும், ஊட்டிக்கும் கேத்திக்கும் இடையிலுள்ள லவ்டேலும் பாதையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் படத்தை மறுபடியும் பார்த்து, வெளிப்புறக் காட்சிகள் சிலவற்றை நிறுத்திக் கைபேசியில் படமாக எடுத்துக்கொண்டு வருவது பெரிதும் உதவும். “இங்கேதான் எடுத்தார்கள்” என்று ஒருவர் ஓரிடத்தைக் காட்டும்போது, பின்னால் தெரியும் மலைமுகட்டின் வடிவத்தை அந்தப் படத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாற்பது ஆண்டுகளில் வீடுகள் பெருகியிருக்கும், மரங்கள் வெட்டப்பட்டிருக்கும், மலைமுகடு மாறியிருக்காது. நீலகிரியின் படகர் சமூகத்தினர் வாழும் ஊர்களில் வளர்ந்த வழிகாட்டி கிடைத்தால் அவரையே தேர்ந்தெடுங்கள். கேத்தி படகர்கள் வாழும் பள்ளத்தாக்கு. எந்தப் பாதை வீட்டு வாசலில் முடியும், எந்த வயலோரத்தில் கேட்காமல் நிற்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து வாடகைக் காரில் ஏறி வருபவர்கள், 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடைமுறைக்கு வந்த இ-பாஸை, அதாவது வண்டி நீலகிரிக்குள் நுழைவதற்கான இணையவழி அனுமதியை, பெற்றிருக்க வேண்டும். ஓட்டுநர் எடுத்துவிட்டாரா என்பதை முதல் நாளே உறுதி செய்யுங்கள். அரசுப் பேருந்திலோ மலை ரயிலிலோ வந்தால் அந்தக் கவலை இல்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உள்ளதால், மீண்டும் நிரப்பக்கூடிய உலோகக் குடுவை ஒன்றைக் கொண்டு வாருங்கள். ட்ரோன்களை இந்தியாவுக்குள் கொண்டுவர 2022 முதல் தடை இருப்பதால் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நீண்ட விமானப் பயணம் முடிந்து மலையேறிய மறுநாளே சைக்கிள் மிதித்தால், நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கும் மூச்சு வாங்கும். ஒரு நாள் ஓய்வெடுத்து, நகருக்குள் நடந்து பழகிய பிறகு புறப்படுங்கள். கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, நோர்வே போன்ற நாடுகளிலிருந்து வருபவர்களுக்குச் சாலையின் இடப்பக்கம் போவது புதிது. அதைவிட முக்கியமானது பிரேக். இங்குள்ள சைக்கிள்களில் வழக்கமாக வலக்கைப் பிடி முன்சக்கரத்தை நிறுத்தும். ஐரோப்பாவின் பல நாடுகளில் அதற்கு நேர்மாறு. இறக்கத்தில் பழக்கத்தால் தவறான பிடியை அழுத்தினால் தலைகுப்புற விழ நேரும். சமதளத்தில் பத்து நிமிடமாவது ஓட்டிக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். தலைக்கவசம் இல்லை என்று சொல்லும் வழிகாட்டியுடன் போக வேண்டாம். உங்கள் பயணக் காப்புறுதி மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவதை ஏற்கிறதா என்பதையும் புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை இதற்கு நல்ல காலம். டிசம்பர், ஜனவரி விடியல்களில் உறைபனி இருக்கும் என்பதால் கையுறை தேவை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையால் மண் சரிந்து மலை ரயிலே நின்றுபோவதுண்டு. ஏப்ரல், மே மாதங்களில் வாகன நெரிசல் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஆபத்தானது.

ஏழு மணியளவில் ஊட்டி ரயில் நிலையத்தருகே தொடங்குங்கள். குன்னூர் செல்லும் பிரதான சாலையில் பேருந்துகளும் லாரிகளும் ஓயாமல் போகும் என்பதால், லவ்டேல் வழியாக இறங்கும் கிளைச் சாலைகளில் அழைத்துச் செல்லும்படி கேளுங்கள். லவ்டேலுக்குப் பின் பள்ளத்தாக்கு விரியத் தொடங்கும். கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே சாலை வளைந்து வளைந்து இறங்கும். இங்கே அவசரப்படாதீர்கள். படத்தில் பள்ளிக்கூடத்து வாத்தியாரான சீனு (கமல்ஹாசன்), விஜியை (ஸ்ரீதேவி) கூட்டிவந்து வைத்திருந்த அந்தச் சிற்றூரின் அமைதி, நிலையத்தைவிட இந்த வளைவுகளில்தான் அதிகம் மிஞ்சியிருக்கிறது.

கேத்தி ரயில் நிலையத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் இறுதிக் காட்சி, அந்த மழை, அந்தப் பானை, நகர்ந்து போகும் ரயில், எல்லாம் நிகழ்ந்தது இங்கேதான். நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அது மிகச் சிறிய நிலையம். நடைமேடையில் நின்றதும் அந்தக் காட்சியில் ஒருவர் ஓடிய தூரம் எவ்வளவு குறுகியது என்பது நெஞ்சில் உறைக்கும். இப்போது குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே பெரும்பாலும் டீசல் எஞ்சின்தான் இழுக்கிறது. நீராவி எஞ்சினைப் பார்க்க விரும்பினால் மேட்டுப்பாளையம் குன்னூர்ப் பகுதியில் இன்னொரு நாள் பயணம் செய்யுங்கள். தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம், நடைமேடையிலிருந்தே எடுங்கள். யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நீலகிரி மலை ரயிலின் நிலையம் இது; இன்றும் உள்ளூர் மக்கள் ஏறி இறங்கும் இடம் என்பதால், அந்தக் காட்சியை உரக்க நடித்துக் காட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.

திரும்பும்போது ஏற்றம் கடுமையாக இருக்கும். சைக்கிள்களை வழிகாட்டியின் வண்டியில் ஏற்றி அனுப்புவதென்று முன்கூட்டியே பேசிவைத்துவிட்டு, ஊட்டி செல்லும் ரயிலுக்குக் கேத்தியிலேயே சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரயில் தாமதமாக வந்தாலும் காத்திருங்கள். பெட்டியின் ஜன்னலோரத்தில் அமர்ந்து, பின்னோக்கி நகரும் அந்த நடைமேடையை ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.