போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு? கல்லூரி ஆய்வகத்திலேயே அளக்கலாம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பலருடைய பற்களில் பழுப்புக் கறை இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அங்குள்ள பாறைகளில் இருக்கும் பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு மெல்ல மெல்ல நிலத்தடி நீரில் கரைவதுதான் காரணம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500). வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை போகலாம். ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது. அளந்துதான் ஆக வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஃப்ளோரைடு எலக்ட்ரோடும் மில்லிவோல்ட் காட்டும் மீட்டரும் போதும். எலக்ட்ரோடின் நுனியில் இருப்பது லாந்தனம் ஃப்ளோரைடு படிகம். ஃப்ளோரைடு அயனிக்கு மட்டுமே அது இடம் கொடுக்கும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

படி 1: மாதிரி. மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய நீர் போன பிறகு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். கண்ணாடி வேண்டாம், ஃப்ளோரைடு அதோடு வினைபுரியக்கூடும். ஈயம், ஆர்சனிக் பார்ப்பதற்கென்றால் நைட்ரிக் அமிலம் சேர்த்து வைப்போம். இந்தப் பாட்டிலில் அமிலம் சேர்க்கக் கூடாது. இரண்டும் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பாட்டில்.

படி 2: தரக் கரைசல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க, செறிவு தெரிந்த கரைசல். உலர்த்திய சோடியம் ஃப்ளோரைடு 0.221 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃப்ளோரைடு கிடைக்கும். அதை நீர்த்து லிட்டருக்கு 0.5, 1, 5, 10 மில்லிகிராம் என நான்கு கரைசல்கள் செய்யுங்கள். இந்த உப்பு நஞ்சு, வாயால் பிப்பெட் உறிஞ்சவே கூடாது.

படி 3: டிசாப் (TISAB), அதாவது எல்லாக் கரைசல்களின் அயனி வலிமையையும் பிஎச்சையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் கரைசல். இந்த முறையின் உயிர்நாடி இதுதான். அசிட்டிக் அமிலம், உப்பு, சிடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) மூன்றும் கலந்து, பிஎச் 5 முதல் 5.5 வரை வைத்த கரைசல். தண்ணீரில் அலுமினியமோ இரும்போ இருந்தால் ஃப்ளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிடிடிஏ அதை விடுவிக்கும். பிஎச் ரொம்பக் குறைந்தால் ஃப்ளோரைடு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமாக மாறி எலக்ட்ரோடின் கண்ணில் படாது. ரொம்ப ஏறினால் ஹைட்ராக்சைடு அயனியையும் ஃப்ளோரைடு என்றே எண்ணிவிடும். மாதிரிக்கும் தரக் கரைசலுக்கும் ஒரே விகிதத்தில் சேர்ப்பது முக்கியம்: 25 மில்லிக்கு 25 மில்லி. ஒன்றுக்குச் சேர்த்து மற்றதற்கு விட்டுவிட்டால், வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

படி 4: அளவீடு. எல்லாம் அறை வெப்பநிலைக்கு வரட்டும். ஒரு டிகிரி வித்தியாசமே 2 சதவீதம் அளவுக்குப் பிழை தரும். காந்தக் கலக்கி சூடாகும் என்பதால் பீக்கருக்கு அடியில் ஒரு தெர்மாகோல் துண்டு வையுங்கள். எலக்ட்ரோடைச் சற்றுச் சாய்த்து இறக்குங்கள். நேராக இறக்கினால் படிகத்தின் அடியில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு, மீட்டர் நிலைகொள்ளாமல் அலைபாயும். செறிவு குறைந்த கரைசலில் தொடங்கி அதிகமானதற்குப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கழுவி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

படி 5: கணக்கு. ஃப்ளோரைடு கூடக்கூட மில்லிவோல்ட் குறையும். உதாரணத்துக்கு, 1 மில்லிகிராம் கரைசல் 98, 10 மில்லிகிராம் கரைசல் 40 காட்டுகிறது என்று வைப்போம். செறிவு பத்து மடங்கானால் மில்லிவோல்ட் எவ்வளவு குறைகிறதோ அதுதான் சரிவு; இங்கே 58. இது 54க்கும் 60க்கும் இடையில் இருந்தால் எலக்ட்ரோடு நலம். உங்கள் மாதிரி 78 காட்டினால், 98லிருந்து 78ஐக் கழித்து 58ஆல் வகுங்கள்: 0.345. பத்தின் அடுக்காக 0.345 போட்டால் சுமார் 2.2. லிட்டருக்கு 2.2 மில்லிகிராம்.

சரி, இதை நம்பலாமா? அதே தண்ணீர் 50 மில்லியில், படி 2இல் செய்த லிட்டருக்கு 100 மில்லிகிராம் கரைசலை அரை மில்லி விட்டு, பழையபடி டிசாப் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். சுமார் 3.2 வர வேண்டும். 2.7தான் வந்தால் ஏதோ ஒன்று ஃப்ளோரைடை இன்னும் பிடித்து வைத்திருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாருக்கும் முடிவைச் சொல்லாதீர்கள்.

முடிவைக் கிணற்றுக்காரரிடம் சொல்லும்போது கூடவே இதையும் சொல்லுங்கள்: கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற, மிச்சத்தில் செறிவு இன்னும் கூடத்தான் செய்யும்.