மரம் தெரியும் எலெக்ட்ரிக் கிட்டார்: சேர்ப்பதும் ஒப்பிடுவதும் எப்படி?

பெயின்ட் அடித்த கிட்டாருக்குள் எத்தனை துண்டு மரம் ஒட்டியிருக்கிறது என்று வெளியே தெரியாது. ரேகை தெரியும்படி பாலிஷ் மட்டும் போட்ட கஸ்டம் கிட்டாரில் அதை மறைக்க முடியாது. சேகரிப்பவர்களுக்கு இதன்மேல் ஆசை வர அதுவே காரணம். ஆனால் ஒப்பிட உட்கார்ந்தால் அதே அழகு காதை ஏமாற்றிவிடும். அதனால் கண் பார்க்கவேண்டியதைத் தனியாகவும், காது கேட்கவேண்டியதைத் தனியாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு கோட்டைப் பிடியுங்கள்

அழகாக இருப்பதையெல்லாம் வாங்கினால் அது குவியல்தான், சேகரிப்பு ஆகாது. ஒரே வடிவத்தை வெவ்வேறு மரங்களில் தேடலாம். அல்லது ஒரே மரத்தை வெவ்வேறு கைவினைஞர்களின் கைகளில். வரலாற்றுப் பக்கம் போக ஆசை இருந்தால் இரண்டு இடங்களிலிருந்து தொடங்கலாம். ஒன்று, 1958-இல் கிப்சன் நிறுவனம் கொரினா என்னும் வெளிர் நிற மரத்தில் செய்த ஃப்ளையிங் வி, எக்ஸ்ப்ளோரர் மாடல்கள். மற்றது, 1969-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அலெம்பிக் நிறுவனம். பல நிற மரங்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் பாணிக்குப் பேர்போனது. அசலை வாங்கவேண்டும் என்பதில்லை. அந்த வழியில் இன்று செய்பவர்கள் நிறையப் பேர்.

படி 2: மரத்தைப் படியுங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இது. கிட்டாரைத் திருப்பி, தோள்வாரை மாட்டும் ஸ்ட்ராப் பட்டன் இருக்கும் அடி ஓரத்தைப் பாருங்கள். மரத்தின் ஆண்டு வளையங்கள் அங்கே வளைவு வளைவாகத் தெரியும். வளைவுகள் சட்டென்று திசை மாறும் இடம்தான் ஒட்டு. இரண்டு துண்டா, மூன்றா என்று எண்ணிவிடலாம். ஒரே துண்டு என்றால் மவுசு அதிகம். அதனால் ஒலி உயர்ந்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அடுத்தது மேல் பலகை. முகப்பில் உள்ள அலைகோடு மேப்பிள் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையா, காகிதம் போல மெல்லிய மரத்தாளான வெனீரா? பிக்கப் (கம்பிக்கு அடியில் இருந்து அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் காந்தக் கருவி) பொருத்திய குழியின் ஓரத்தில் தடிமன் தெரியும். அங்கே தெரியாவிட்டால் விளக்கொளியில் கிட்டாரை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உண்மையான அலைரேகையில் இருண்ட பட்டை வெளுக்கும், வெளுத்தது இருளும். அச்சிட்ட படலத்தில் எதுவும் அசையாது. பலகையோ வெனீரோ, அசல் மரமா என்பதை இது காட்டிவிடும். கருங்கோடுகள் ஓடும் ஸ்பால்டட் மேப்பிளின் அழகு பூஞ்சையின் கைவண்ணம். அந்த மரம் மென்மையாகிவிட்டிருக்கும் என்பதால் பெரும்பாலும் முகப்புக்கு மட்டுமே பயன்படுத்துவார்கள்.

மரத்தின் பெயரை மட்டும் குறித்துவைத்தால் போதாது. ஈர நிலத்தில் வளர்ந்த மரத்தின் அடிப்பகுதியிலிருந்து எடுக்கும் ஸ்வாம்ப் ஆஷ் லேசாக இருக்கும். சாதாரண ஆஷ் தோளை இழுக்கும். இரண்டையும் வெறுமனே ‘ஆஷ்’ என்று எழுதுபவர்கள் உண்டு. ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் வண்டின் பரவலும் வெள்ளமும் சேர்ந்ததால், 2020-இல் ஃபெண்டரே தன் வழக்கமான மாடல்களில் அதைக் குறைத்துக்கொண்டது.

படி 3: அளந்து எழுதுங்கள்

எடை, ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் பகுதியின் நீளம்), நெக் எனப்படும் கழுத்துப் பகுதியின் இணைப்பு, பிக்கப் வகை. இந்த நான்கும் இல்லாத குறிப்பு பயன்படாது. ஃபெண்டர் வழி ஸ்கேல் 25.5 அங்குலம், கிப்சன் வழி ஏறக்குறைய 24.75. ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினாலும் நீளமானதில் இழுவிசை கூடும், ஒலியும் விரலுக்குக் கிடைக்கும் உணர்வும் மாறும். நெக், போல்ட் போட்டதா, ஒட்டியதா, உடலின் ஊடே ஓடுவதா என்பதையும் எழுதுங்கள்.

படி 4: சமப்படுத்துங்கள்

பழைய கம்பி போட்ட மகோகனியையும் புதுக் கம்பி போட்ட வால்நட்டையும் வாசித்தால், நீங்கள் ஒப்பிடுவது கம்பியை. எல்லாவற்றிலும் ஒரே செட் புதுக் கம்பி (010–046 தடிமன், அதாவது 0.010 முதல் 0.046 அங்குலம், நல்ல தொடக்கம்), ஒரே சுருதி, கம்பியை மீட்ட ஒரே பிக். 12-ஆம் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இருந்து கம்பியின் உயரத்தை ஒன்றாக்குங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே 2 மி.மீ. போல ஒரே இடைவெளி வையுங்கள். கேபிளையும் மாற்றாதீர்கள், நீளமான கேபிள் உச்ச ஒலிகளைத் தின்றுவிடும். வால்யூம் பாட் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் மின்தடை) 250 கிலோ ஓமா, 500-ஆ என்பதையும் பாருங்கள். 500 இருந்தால் ஒலி கூடுதல் பளிச்சென்று இருக்கும். பலர் அந்தப் புகழை மரத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

படி 5: பார்க்காமல் கேளுங்கள்

முதலில் ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் ஒரு கார்டை அடித்து, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். பிறகு ஒரே வாசிப்பை, ஒரே அமைப்பில் ஒவ்வொன்றிலும் பதிவு செய்யுங்கள். ஒலி அளவைச் சமமாக்குவது கட்டாயம், கொஞ்சம் சத்தமாக இருப்பதே நல்லதாகக் கேட்கும். கோப்புகளுக்குப் பெயர் வைப்பதை இன்னொருவரிடம் விடுங்கள். எது எது என்று தெரியாமல் கேட்டு, தோன்றுவதை எழுதி, அதன் பிறகு விடையைப் பாருங்கள்.

காந்தப் பிக்கப் பிடிப்பது கம்பியின் அசைவை. மரத்தின் பங்கு சுற்றிவளைத்து வருவதுதான். பிக்கப்பில் சுற்றிய செம்புக் கம்பியும் பிக்கப் இருக்கும் இடமும் அதைவிடப் பெரிது என்பது என் கணிப்பு. மரத்துக்காகக் கிட்டார் வாங்குவதில் தப்பில்லை, அதற்குக் காதைச் சாட்சிக்கு இழுக்கவேண்டாம்.

படி 6: காப்பதும் காகிதமும்

மரத்தின் நிறம் நிலைக்காது. ஆரஞ்சு-சிவப்பான படாக் மரமும் ஊதா நிறப் பர்ப்பிள்ஹார்ட் மரமும் வெயில் படப்படப் பழுப்பாகும். மேப்பிள் மஞ்சளாகும், வால்நட் வெளுக்கும். வாங்கிய அன்றே பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, ஜன்னலுக்கு எதிரே மாட்டாமல் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 45–55 சதவீதத்தில் இருப்பது நல்லது. நைட்ரோ லாக்கர் பூச்சு சில ரப்பர் ஸ்டாண்டுகளோடு ஒட்டிக் கெட்டுப்போகும். நடுவே பருத்தித் துணி போடுங்கள்.

ரோஸ்வுட் இருந்தால் தாவரவியல் பெயரோடு செய்தவரிடம் எழுதி வாங்குங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. அதன் உறவு மரங்கள் 2017-இல் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன, முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு கிடையாது. சீட்டில் வெறும் ‘ரோஸ்வுட்’ என்று இருந்தால், நாட்டு எல்லையில் எது என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.