குறட்டைக்கு அக்குபங்சர் போகிறீர்களா? முதலில் உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

என்னுடைய எண் 22. தூக்கத்தில் மணிக்குச் சராசரியாக 22 தடவை என் மூச்சு முழுசாக நிற்கிறது, இல்லையென்றால் பாதி அடைபடுகிறது, ஒவ்வொரு தடவையும் குறைந்தது பத்து விநாடி. இப்படித் தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறுக்கு ஸ்லீப் அப்னியா என்று பெயர், இந்த எண்ணை ஏ.எச்.ஐ. என்பார்கள். 5க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் போனால் கடுமை.

அக்குபங்சர் முயற்சி செய்ய நினைப்பவர்கள் ஊசிக்கு முன்னால் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சை அளந்து இந்த எண்ணைச் சொல்லும் சோதனை, செய்துவிடுங்கள். வீட்டிலேயே விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பெல்ட் மாட்டிப் படுக்கிற சோதனையும் இருக்கிறது, பலருக்கு அதுவே போதும். இதைச் செய்யாமல் போனால் பத்து வாரம் கழித்து "கொஞ்சம் பரவாயில்லை மாதிரி இருக்கு" என்பதைத் தவிர உங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. குறட்டைச் சத்தம் குறைவதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், சத்தம் குறைந்த பிறகும் மூச்சு நின்றுகொண்டே இருக்கலாம்.

அக்குபங்சர் இதற்கு வேலை செய்யுமா என்றால், பிரேசிலில் நடுத்தர நிலையில் இருந்த 36 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2007இல் வெளியானது. வாரம் ஒரு தடவை, பத்து வாரம் ஊசி. உண்மையான ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு எண் ஏறக்குறைய 20இலிருந்து 10க்கு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கடைசி வரை வந்தவர்கள் 26 பேர்தான், அதிலும் அவர்களை மூன்று குழுவாகப் பிரித்திருந்தார்கள், அதனால் இதை நம்பி சிபாப் மெஷினை (தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சு வழியைத் திறந்து வைப்பது) பரணில் போட முடியாது.

தத்துவம் எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தூங்கும்போது நாக்கின் அடித்தசை தளர்ந்து பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது. தாடைக்குக் கீழே, குரல்வளை மேட்டுக்குச் சற்று மேலே நடுக்கோட்டில் லியன்சுவான் என்று ஒரு அக்குபங்சர் புள்ளி, அதன் உள்ளே இருப்பது நாக்கோடு சேர்ந்த தசைகள். நாக்கு நரம்பைத் தூண்டும் கருவியை உடலுக்குள் வைத்து சிகிச்சை செய்ய அமெரிக்காவில் 2014இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆனால் அது ராத்திரி முழுக்க மூச்சுக்கு ஏற்றபடி வேலை செய்கிறது, நமக்கு ஊசி குத்துவதோ சாயங்காலம் ஐந்து மணிக்கு.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, ஊசியை உங்கள் கண் முன்னால் புதுப் பாக்கெட்டிலிருந்து பிரிக்கிறாரா என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால், கர்ப்பமாக இருந்தால், பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள் (பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஊசியில் கரண்ட் கொடுப்பது கூடாது). நம் ஊரில் விரலால் தொட்டுவிட்டு அனுப்பும் அக்கு டச் நிறையப் பேர் செய்கிறார்கள், பிரேசிலில் சோதித்தது அதை அல்ல. அப்புறம், மெஷினைக் கழற்றச் சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நான் முதலில் போனவர் "உடம்பு பழகிடும் சார், அதைத் தூக்கிப் போடுங்க" என்றார். நானும் அவர் பேச்சைக் கேட்டேன். மூன்றாம் ராத்திரி என் மனைவி உலுக்கி எழுப்பி "மூச்சே இல்லைங்க" என்று அழுதாள், மறுநாள் சிக்னலில் வண்டியில் உட்கார்ந்தபடியே கண் சொருகியது.

வெறும் வயிற்றில் போகாதீர்கள், முதல் தடவை சிலருக்கு மயக்கம் வரும், படுத்துக்கொண்டே போடச் சொல்லுங்கள். கை, கால் ஊசிகள் எறும்புக் கடி அளவுதான். தாடைக்குக் கீழே போடுவது வேறு மாதிரி: வலி இல்லை, உள்ளே யாரோ நாக்கின் வேரைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுப்பது போல ஒரு கனம், எச்சில் விழுங்கவே பயமாக இருக்கும். இதையெல்லாம் வீடியோ பார்த்து வீட்டில் செய்ய வேண்டாம். நெஞ்சிலோ மேல் முதுகிலோ ஊசி போட்ட பிறகு திடீரென்று நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி, நுரையீரலில் குத்தியிருக்கலாம்.

இந்தப் பத்து வாரமும் சிபாப் மெஷின் தினமும் ஓடட்டும். இங்கேதான் நான் ஏமாந்தேன். மெஷினின் ஆப் "இன்று 2" என்று காட்டும், ஊசி வேலை செய்கிறது என்று குதித்தேன். மெஷின் போட்டிருப்பதால்தான் 2! ஊசியின் பலனைப் பார்க்க வேண்டுமென்றால் மறுபடி ஸ்லீப் ஸ்டடிதான், அதற்கு எத்தனை ராத்திரி மெஷினை நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். எடையையும் குறித்து வையுங்கள், ஐந்தாறு கிலோ குறைந்திருந்தால் எண் அதனாலேயே இறங்கியிருக்கலாம். மல்லாந்து படுத்தீர்களா, ஒருக்களித்தா என்பதும் ரிப்போர்ட்டில் இருக்கும், இரண்டு சோதனையிலும் அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பத்து வாரம் முடிந்து எனக்கு வந்தது 19. ஒரு ராத்திரிக்கும் இன்னொரு ராத்திரிக்கும் இந்த அளவு வித்தியாசம் ஊசி இல்லாமலே வரும் என்றார் டாக்டர். மெஷின் தலைமாட்டிலேயே இருக்கிறது. கழுத்து வலிக்கு மட்டும் இப்போதும் அக்குபங்சர் போய்க்கொண்டிருக்கிறேன்.